ஒன்றையாவது வைத்திருக்கக் கூடாதா?

"ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்காதே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த அறிவுரை மனிதர்க்கு உதவிய மனிதருக்கு மட்டுமா? நமக்காக உழைத்த இயந்திரத்திற்கும் பொருந்தும் என்பதே என் கருத்து. அமெரிக்காவில் ஓடிய ஹட்ஸன் நீராவி என்ஜின்களின் கதையே இதற்குச் சான்று.

நியூயார்க் சென்ட்ரல் என்னும் இரயில்வே நிறுவனம், 1927 முதல் 1938 வரை 275 ஹட்ஸன் என்ஜின்களைப் பயணிகள் வண்டிகளுக்காக வாங்கியது. அதன் பாதை ஹட்ஸன் நதிக்கரையோரம் சென்றதால் அந்நதியின் பெயரையே சூட்டியது. முன்னே நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு பெருஞ்சக்கரங்கள், பின்னே மீண்டும் நான்கு. பெருஞ்சக்கரத்தின் விட்டம் 79 அங்குலம். அதன் அருகில் நின்றால் அது நம் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும்! பழைய என்ஜின்களில் பின்னே இரண்டு சக்கரங்களே இருந்தன. நான்கு வைத்ததால் பெரிய நெருப்புப் பெட்டியைத் தாங்க முடிந்தது. நெருப்பு பெருகினால் நீராவி பெருகும். நீராவி பெருகினால் கனத்த வண்டியும் நெடுந்தூரம் வேகம் குறையாமல் ஓடும்.

நியூயார்க்கிலிருந்து சிகாகோ சுமார் 960 மைல். அந்நகரங்களுக்கிடையே ஓடிய "ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட்" என்ற புகழ் பெற்ற வண்டி, 1938-இல் அத்தூரத்தை 16 மணி நேரத்தில் கடந்தது. நியூயார்க்கிலிருந்து சிறிது தூரம் மின்சார என்ஜின் இழுக்கும், அதன்பின் ஹட்ஸன்தான். தண்டவாளங்களின் நடுவே நீண்ட தொட்டிகளில் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். ஹட்ஸன் நிற்காமல், ஓடியபடியே அதை அள்ளிக்கொள்ளும். என்ன அற்புதம்!

பிறகு டீசல் என்ஜின்கள் வந்தன. 1950-களில் ஹட்ஸன்கள் ஓய்வு பெற்றன. ஓய்வா அது? 275-ம் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"இரயில்வே என்ன அருங்காட்சியகமா? செலவைக் குறைக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டீசல் என்ஜினுக்கு ஆட்களும் பராமரிப்பும் குறைவு. மக்களோ காரையும் விமானத்தையும் நாடத் தொடங்கியிருந்தனர். ஆகவே 275-ஐயும் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றை வைத்திருந்தால் போதுமே!

மற்றவர்கள் அப்படிச் செய்தார்களே. போட்டி நிறுவனமான பென்ஸில்வேனியா இரயில்வேயின் கே-4 வகையில் 425 என்ஜின்கள் இருந்தன. அவற்றில் இரண்டு இன்றும் உள்ளன. நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் நிறுவனம் தன் சொந்தப் பட்டறையில் செய்த ஜே வகை என்ஜின்கள் 14 மட்டுமே. அவற்றுள் 611 என்ற எண்ணுடையது காப்பாற்றப்பட்டது. அது 1982-இலும், மறுபடியும் 2015-இலும் பழுது பார்க்கப்பட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள், தோழியரே. நியூயார்க் சென்ட்ரல் 1968-இல் அந்தப் போட்டி நிறுவனத்துடனேயே இணைந்தது. இணைந்த நிறுவனம் இரண்டே ஆண்டுகளில், 1970-இல் திவாலாயிற்று. ஹட்ஸனை உடைத்து விற்ற பணமும் போயிற்று, விற்ற நிறுவனமும் போயிற்று. ஒரு ஹட்ஸன் நின்றிருந்தால், அதை வடித்த தொழிலாளரின் திறமையையும், ஓட்டியவர்களின் உழைப்பையும் இன்றைய குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கும்.

லயனல் என்ற பொம்மைக் கம்பெனி 1937-இல் ஹட்ஸனின் அழகிய சிறு மாதிரி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்தப் பொம்மையைப் பலர் இன்றும் பொன்போல் காக்கின்றனர். பொம்மை இருக்கிறது, உண்மையான என்ஜின் இல்லை!

புதியதை வரவேற்போம். ஆனால் பழையதை வெளியே தள்ளுமுன் ஒரு கணம் நின்று, "இதில் ஒன்றையாவது வைத்துக்கொள்வோமா?" என்று கேட்போம். நன்றியுணர்வு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.