வெயில் இருக்கு, முதல் வேண்டாமா?



நம் புதுச்சேரியில் வெயிலுக்கு என்றைக்கும் பஞ்சம் இல்லை. வடகமும் மிளகாயும் காய்கிற மொட்டை மாடியிலேயே கரண்ட்டும் கிடைக்கும் என்பது நமக்குப் புதுச் செய்தியும் இல்லை. பக்கத்து ஆரோவில்லில் சமையற்கூடத்தின் மேலே 15 மீட்டர் அகலத்துக்குப் பெரிய கிண்ணம் மாதிரி ஒன்றைக் கட்டி, வெயிலிலேயே நீராவி எடுத்துச் சமைத்துக் காட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நமக்குத் தட்டுப்பாடு வெயில் அல்ல, முதல்தான்.

அந்த முதலுக்குக் கை கொடுக்க, 2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தைக் கொண்டுவந்தது. 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் ரூ.78,000 மானியம். நிழல் விழாத நூறு சதுர அடி இருந்தால் 1 கிலோவாட் வைக்கலாம். நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் வரும். நாம் பகலில் செலவழித்தது போக மிச்சம் ஊர்க் கம்பிக்குப் போய், நம் கணக்கில் வரவாகும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இல்லாத சாதாரண சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறுகிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே! 2024-ல் வந்த ஃபெஞ்சல் புயல் மாதிரி நாட்களுக்கு மெழுகுவத்தி வாங்கித்தான் வைக்கணும்.

என் கவலை வேறு. இந்தத் திட்டத்தை 2026-27 நிதியாண்டு வரை என்றுதான் அறிவித்தார்கள். அரசு போட்ட கணக்கிலேயே 3 கிலோவாட்டுக்கு ரூ.1,45,000 ஆகிறது. மானியமோ எல்லாம் மாட்டி, மீட்டர் வைத்து, அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் வங்கிக்கு வரும். முதலில் நாம்தான் புரட்டணும். குறைந்த வட்டியில் கடன் உண்டுதான், ஆனால் கடன் என்றாலே என் வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். சீட்டு எடுத்து, பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டி, அப்புறம்தான் மாடியைப் பற்றிப் பேச்சு. கையில் ரொக்கம் இருந்தவர்கள் முதல் வருஷமே மாட்டிக்கொண்டார்கள். சிறுகச் சேர்க்கிறவள் வாசலுக்கு வருகிற நேரம் கதவைச் சாத்தினால் எப்படி?

வரியையும் பாருங்கள். சோலார் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி.யை 2021 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 12 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் மறுபடி 5. குறைத்தது நல்லதுதான், ஆனால் இப்படி ஏற்றி இறக்கினால் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் எதை நம்புவாள்? அமெரிக்காவிலும் இதே கதைதான். வீட்டு சோலாருக்கு 30 சதவீத வரிச் சலுகை 2032 வரை என்று 2022-ல் சட்டம் போட்டார்கள். 2025 ஜூலையில் இன்னொரு சட்டம் போட்டு, அந்த வருஷக் கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். பணம் சேர்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் பாவம்.

ஆகவே நம் கோரிக்கை இதுதான். மானியத்தை 2027 மார்ச்சுக்கு அப்புறமும் இன்னும் ஐந்து வருஷம் கொடுங்கள். கொடுப்பதை முதலிலேயே விலையில் கழித்துவிடுங்கள். சோலார் கடன் வட்டிக்கும் வருமான வரியில் கழிவு தாருங்கள்.

புதுச்சேரிக்கு எம்.பி.க்கள் இரண்டே பேர்: மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். ஆளுக்கு ஒரு கார்டு போடுங்கள். போன மாதம் உங்கள் வீட்டு கரண்ட் பில் எவ்வளவு வந்தது, முதல் சேர்க்க இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்று இரண்டே வரி எழுதினால் போதும்.