கஜினிக் கதவும் சோமநாதர் பெயரும்

ஆக்ரா கோட்டையில் இருக்கும் கஜினிக் கதவுகள், 1025-26இல் கஜினி முகமது சோமநாதர் ஆலயத்திலிருந்து கவர்ந்துசென்ற சந்தனக் கதவுகளே என்று நண்பர் ஒருவர் மீண்டும் வாதித்திருப்பதை, நெம்மேலியிலிருந்து மாமல்லபுரத்துச் சிற்பங்களை அடிக்கடி போய்ப் பார்த்துவரும் நான் மறுக்காமல் இருக்க இயலவில்லை. 1842இல் அன்றைய ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ பிரபு அவற்றை முகமதின் சமாதியிலிருந்து பெயர்த்துவரச் செய்து, 800 ஆண்டு அவமானம் தீர்ந்தது என்று பிரகடனம் செய்தார். அந்தப் பிரகடனமே நண்பருக்குப் பிரமாணம். ஆனால் மரம் சந்தனமன்று, தேவதாரு.

செதுக்கலை நெருங்கிப் பாருங்கள்: தெய்வ உருவமில்லை, யாளியில்லை, பூதகணமில்லை, நட்சத்திரமும் அறுகோணமும் ஒன்றோடொன்று பிணைய, இடைவெளிகளில் கொடிகள் சுருள்கின்றன. அத்துடன் கூஃபி என்னும் பழைய அரபு லிபியில், சபுக்தகீனின் மகன் முகமதுக்கு இறைவனின் மன்னிப்பை வேண்டும் வாசகம். 1030இல் மறைந்தவனுக்கு அவன் சமாதியிலே அமைந்த பிரார்த்தனை அது. எழுத்து பிற்சேர்க்கை என்பாராயின், எழுத்தை ஒதுக்கிவிட்டாலும் மரமும் கோலமும் எஞ்சுகின்றனவே!

மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் கல்லேயாயினும், அதன் கூரையின் வளைவைக் கண்ட எவரும் ஓலைக்குடிசையை நினைக்காமலிரார். அவ்வாறே இக்கதவின் ஒவ்வொரு கோணமும் பாரசீகக் கலைமரபைச் சொல்கிறது. எனக்குள்ள வருத்தமெல்லாம், அத்தனை நுட்பமாக உளியோட்டிய பெயரறியாத் தச்சனின் வேலை, இன்றும் கொள்ளைப்பொருள் என்ற பொய்ப்பெயரால் பேசப்படுவதே.