உணவொழுக்கமே முதல் மருந்து

நோய் வந்த பின் மருந்தைத் தேடி ஓடுகின்றவன், அந்நோய் எவ்வழியாக வந்தது என்பதைத் தேடுவதில்லை. வாய் வழியாகப் புகுந்த நோயை வாய் வழியாகவே போக்கிவிடலாம் என்றெண்ணி வில்லைகளை விழுங்குகின்றான். அந்நோயை வளர்க்கும் உணவையோ அதே வாய் வழியாக நாள்தோறும் உள்ளே செலுத்திக்கொண்டும் இருக்கின்றான். ஒரு கையால் விளக்கை ஏற்றி மறு கையால் அதனை அவிக்கின்ற இப்பேதைமை, இன்று தமிழ்நாட்டில் வீடுதோறும் குடிபுகுந்துள்ளது.

சேலத்திற்குத் தெற்கே உள்ள ஆட்டையாம்பட்டியை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவ்வூர்ப் பெயரைச் சொன்ன அளவில் நினைவுக்கு வருவது கைம்முறுக்கு. அரிசி மாவைப் பிசைந்து, விரல்களாலேயே திருகிச் சுற்றி, கொதிக்கும் எண்ணெயில் பொரித்தெடுக்கும் அத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது. சுற்றியுள்ள சேலம், நாமக்கல் சமவெளியில் தறி ஒலிக்கின்றது, மரவள்ளி விளைகின்றது, அம்மரவள்ளியின் மாவு சவ்வரிசியாகி வடநாட்டுக்கும் செல்கின்றது. சவ்வரிசி உருவாக்குவோர்க்கெனச் சேலத்தில் 1981-ஆம் ஆண்டில் ஒரு தனிக் கூட்டுறவு அமைப்பே தோன்றியது. உழைப்புக்கு அஞ்சாத மக்கள் வாழும் மண் அது.

அம்மண்ணில், தறியின் முன் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் ஒருவர்க்கு நீரிழிவு கண்டதாகக் கொள்க. மருத்துவர் வில்லைகளை எழுதித் தருகின்றார்; ‘பத்தியமாக இருங்கள்’ என்று ஒரு சொல்லும் சொல்கின்றார். வீடு திரும்பிய அவர் அச்சொல்லுக்குத் தமக்குத் தெரிந்த பொருளைக் கொள்கின்றார். முறுக்கை விட்டுவிடுகின்றார். நோயாளிக்கு ஏற்ற எளிய உணவென்று சவ்வரிசிக் கஞ்சி குடிக்கின்றார். வெள்ளைச் சருக்கரைதானே தீது என்று, அக்கஞ்சியில் வெல்லத்தையோ கருப்பட்டியையோ இடுகின்றார். மூன்று திங்கள் கழித்துக் குருதியை ஆய்ந்து பார்த்தால் சருக்கரை குறையவில்லை, கூடியிருக்கின்றது. ‘பத்தியம் இருந்தும் பயனில்லை, மருந்தில்தான் குறை’ என்று மருந்தின்மேல் பழி போடுகின்றார்.

இங்கே பிழை மருந்தினுடையதன்று. நோயாளியின் பிழை என்று முற்றும் சொல்லிவிடவும் இயலாது. எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை அவர்க்கு விளங்கும் மொழியில், அவர் வீட்டு அடுப்பை அறிந்து சொல்லுவார் இல்லை என்பதே பிழையின் வேர்.

‘பத்தியம்’ என்பது வடசொல். ஆயுர்வேத நூல்கள் நோயாளிக்கு ஏற்ற உணவையும் நடையையும் அச்சொல்லால் குறித்தன. ஏலாதவற்றை ‘அபத்தியம்’ என்றன. அக்கருத்து தமிழர்க்குப் புதியதன்று. எழுத்தறியாத பாட்டியும், ‘இவனுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது’ என்றும், ‘அது சூடு, இது குளிர்ச்சி’ என்றும் சொல்வதைக் காணலாம். ஒப்பது, ஒவ்வாதது என்னும் இவ்விரு தமிழ்ச் சொற்களும் அம்முழுக் கருத்தையும் தாங்க வல்லன. மேலும், ‘ஒவ்வாதது’ என்றவுடன் ‘யார்க்கு?’ என்னும் வினா தானே எழுகின்றது. பத்தியம் என்னும் சொல்லோ, நாளடைவில் உப்பும் புளியும் அற்ற சோறு என்னும் குறுகிய பொருளில் மக்கள் உள்ளத்தில் உறைந்துவிட்டது.

திருக்குறளில் ‘மருந்து’ என்று பெயரிய அதிகாரத்தில் மருந்து ஒன்றன் பெயரும் இல்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. வளி முதலிய மூன்றன் நிலைதிரிவே நோய்க்கு அடி என்று தொடங்கும் அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு, உண்ணும் முறையையே பேசுகின்றன. முன்னுண்டது செரித்த பின் உண்ணல், அளவறிந்து உண்ணல், பசித்துப் புசித்தல், தம்முள் மாறுகொள்ளாத உணவைத் தேர்தல், வயிற்றுத் தீயின் அளவைக் கடவாமை ஆகியனவே அவற்றின் செய்தி. உணவைப் பேசி முடித்த பின்னரே, நோயும் அதன் முதலும் நாடும் மருத்துவனை வள்ளுவர் அழைக்கின்றார். இவ்வரிசைமுறையிலேயே ஒரு மருத்துவக் கொள்கை அடங்கியுள்ளது.

வடமொழியில் உள்ள சரகர் நூலும் இதனையே விரித்துரைக்கின்றது. பொருளின் இயல்பு, அதனைச் சமைக்கும் முறை, பிறவற்றோடு கலக்கும் கலப்பு, அளவு, நிலம், காலம், உண்ணும் ஒழுங்கு, உண்பவன் நிலை என எட்டினைச் சீர்தூக்கியே ஓர் உணவு நன்றா தீதா என்று துணிய வேண்டும் என்பது அந்நூலின் முடிவு. தமிழ் மருத்துவமும் ஆயுர்வேதமும் ஒன்றிலிருந்து ஒன்று கொண்டவை எவை என்னும் வழக்கு ஒருபுறம் இருக்க, நல்ல கருத்து எம்மொழியில் இருப்பினும் அதனை ஏற்பது தமிழர்க்கு இழுக்கன்று. மெய்ப்பொருள் காண்பதே அறிவு.

ஆயினும், பழைய நூல் சொல்லிற்று என்னும் ஒன்றே போதிய சான்றாகாது. பாலும் மீனும் சேர்த்துண்ணலாகாது என்றும், தேனும் நெய்யும் ஒத்த அளவில் கலக்கலாகாது என்றும் அந்நூல்கள் விலக்குகின்றன. பாலோடு மீன் உண்பதால் வெண்புள்ளி நோய் வரும் என்னும் நம்பிக்கைக்கு இன்றைய ஆய்வில் சான்று கிடைத்திலது. மரவள்ளி உண்டபின் இஞ்சியோ சுக்கோ உண்ணலாகாது என்பது சேலத்துப் பக்கத்து ஊர்வழக்கு. இஞ்சியின் மீது பழி இருப்பினும், உண்மையான இடர் மரவள்ளிக் கிழங்கிலேயே உள்ளது. அதன் தோலிலும் சதையிலும் நச்சுக் காடியைப் பிறப்பிக்கும் பொருள் உண்டு. கசப்பு வகைகளில் அது மிகுதி. தோலுரித்து, நீரில் ஊறவைத்து, நன்கு வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் அந்நச்சு பெரிதும் நீங்கும். இங்குக் காப்பது ‘சமைக்கும் முறை’. அஃதாவது எட்டனுள் ஒன்று. பழைய கருத்தின் உயிரை வைத்துக்கொண்டு, அதன் உமியைப் புடைத்தெறிவதே அறிவுடைமை.

தமிழ் மருத்துவத்தில் உணவொழுக்கம் ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது. உணவுப் பொருள்களின் இயல்புகளைத் தொகுத்துரைக்கும் நூல்களும், நோய் அணுகாமல் வாழும் நெறியை வகுக்கும் பிணியணுகா விதியும் தேரையர் பெயரால் வழங்குகின்றன. மருந்தின் வன்மைக்கு ஏற்ப ஒழுக்கமும் கடுமையாயிற்று. சில மருந்துகளுக்கு உப்பே விலக்கு. சிலவற்றுக்கு உப்பையும் புளியையும் வறுத்துச் சேர்க்கலாம். அகத்திக்கீரை மருந்தின் ஆற்றலை முறிக்கும் என்று நீக்கப்பட்டது. மருந்து முடிந்த பின்னும் சில நாள் அவ்வொழுக்கத்தைத் தொடரும் மறுபத்தியமும் உண்டு. உண்ணும் உணவு மருந்தின் வினையை மாற்றக்கூடும் என்பதை அம்மருத்துவர் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். இன்றைய மேலை மருத்துவமும், குருதி உறையாமைக்குத் தரும் சில மருந்துகளை உண்போர் தாம் உண்ணும் கீரையின் அளவைத் திடுமென மாற்றலாகாது என்று எச்சரிக்கின்றது. வழி வேறு, கண்ட உண்மை ஒன்று.

இவ்வளவும் உணர்த்துவது ஒன்றே. எல்லார்க்கும் எந்நாளும் நன்றான உணவும் இல்லை. எல்லார்க்கும் எந்நாளும் தீதான உணவும் இல்லை. காய்ச்சலால் வயிறு சுருங்கிக் கிடப்பவர்க்குச் சவ்வரிசிக் கஞ்சி ஒப்பது; எளிதில் செரித்து வலிமை தருவது. அச்சவ்வரிசி ஏறத்தாழ முழுதும் மாப்பொருளே ஆதலால், நீரிழிவு உடையவர்க்கு ஒவ்வாதது. கோடை வெயிலில் களைத்தவர்க்கு இளநீர் ஒப்பது. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கோ, அதிலுள்ள பொட்டாசியம் குருதியில் தேங்கி நெஞ்சாங்குலையின் துடிப்பையே நிறுத்தக்கூடும். ஒருவரை எழுப்பும் உணவு மற்றொருவரை வீழ்த்துகின்றது.

இவ்விடத்தில் தமிழ்ப் பற்றாளர்க்கும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பழந்தமிழர் உணவு என்பதாலேயே ஒன்று எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது. கருப்பட்டியும் நாட்டுச் சருக்கரையும் நீரிழிவு உடையவர்க்கு ஏற்றவை என்று பரப்புவோர் பற்றால் செய்யினும் தீங்கே செய்கின்றனர், அவையும் சருக்கரையே. கேழ்வரகும் சாமையும் வரகும் தீட்டிய வெள்ளரிசியினும் நார்ப்பொருள் மிக்கவை. கேழ்வரகில் சுண்ணம் மிகுதி. அவை மீண்டும் தமிழர் அடுப்பேற வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவற்றை நுண்ணிதாக அரைத்துக் கூழாக்கி, அளவின்றிக் குடித்தால் குருதியில் சருக்கரை ஏறவே செய்யும். தவசம் மாறினால் மட்டும் போதாது. அளவும் மாற வேண்டும்.

அதனினும் பெரிய தீங்கு, உணவொழுக்கம் ஒன்றே போதும் என்று மருந்தை நிறுத்தச் சொல்வது. கணையம் தன் சுரப்பை அறவே இழந்துவிட்ட குழந்தைக்கு, ஊசி வழியாக அச்சுரப்பைச் செலுத்தாவிடின் உயிர் நில்லாது. எந்தக் கூழும் அதனைக் காவாது. உணவொழுக்கம் மருந்துக்குத் துணை, மருந்தின் பகையன்று. குறைக்கவோ நிறுத்தவோ வேண்டுமாயின், அதனை ஆய்ந்தறிந்த மருத்துவரே துணிய வேண்டும்.

நிலைமை எத்துணைக் கொடியது என்பதை எண்களே சொல்லும். இந்திய மருத்துவ ஆய்வு மன்றத்தின் துணையோடு நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு, இந்திய நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. நாட்டின் நோய்ச்சுமையில் 56.4 விழுக்காடு பொருந்தா உணவால் நேர்வது என்று ஐதராபாத்தில் உள்ள ஊட்டவியல் நிறுவனம் 2024-ஆம் ஆண்டின் உணவு வழிகாட்டியில் மதிப்பிட்டது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்புக் கொள்க என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகின்றது; அஃது ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த அளவு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் பொட்டலத் தின்பண்டமும் ஒருங்கே புகும் வீட்டில் அவ்வளவு யாங்ஙனம் நிற்கும்?

அரசு வாளாவிருக்கவில்லை என்பதும் உண்மையே. தமிழ்நாட்டரசு 2021-ஆம் ஆண்டு ஆகத்து 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தால், குருதி அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகள் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. திட்டத்தின் பெயர் நல்ல தமிழில் அமைந்தது. அப்பெயருக்கேற்ப, மக்களைத் தேடி வரும் மருந்தோடு மக்கள் மொழியில் உணவறிவும் வருதல் வேண்டும். பாளையங்கோட்டையில் 1964 முதல் இயங்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், தாம்பரத்தில் 2005-இல் திறக்கப்பெற்ற சித்த மருத்துவ நிறுவனமும் இப்பணிக்குத் தோள் கொடுக்கத் தக்கன. ஏட்டில் உள்ளதை இன்றைய ஆய்வில் உரசிப் பார்த்து, தேறியதை மக்களுக்குத் தருவது அவற்றின் கடன்.

அவ்வுணவுக் குறிப்பு எவ்வாறு அமைய வேண்டும்? ‘மாப்பொருளைக் குறைக்க’ என்றால் ஆட்டையாம்பட்டித் தறிகாரர்க்கு விளங்காது. ‘தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, கால் பங்கு மட்டும் சோறோ களியோ, சவ்வரிசிக் கஞ்சி வேண்டா, தேநீரில் வெல்லமும் வேண்டா, முறுக்கு என்றேனும் ஒன்று, அதுவும் சோற்றைக் குறைத்து’ என்றால் விளங்கும். சிறுநீரக நோயர்க்கு வேறு தாள். குருதி அழுத்தம் உடையார்க்கு வேறு தாள். பிள்ளை பெற்ற தாய்க்கு வேறு தாள். பேறுற்ற தாய்க்குப் பத்தியம் என்னும் பெயரால் காயையும் பழத்தையும் நீரையும் மறுக்கும் கொடுமை இன்னும் சில வீடுகளில் உண்டு. பால் சுரக்கும் தாய்க்கு வேண்டுவது பட்டினியன்று, நிறைந்த உணவு என்பதை அத்தாள் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மருத்துவர்தம் கடமையும் இதிற் பெரிது. மருந்தெழுதும் ஐந்து நொடிக்குப் பின், ‘நேற்று என்ன உண்டீர்கள்?’ என்று கேட்க ஒரு நொடி ஒதுக்கினால், பாதி மருத்துவம் அங்கேயே நடந்துவிடும். ஆங்கிலத்தில் கற்ற அறிவைத் தமிழில் சொல்ல இயலாத மருத்துவர், கற்றதை நோயாளியிடம் சேர்க்கும் இறுதிப் படியில் இடறி வீழ்கின்றார். இது மொழிப் பற்றால் மட்டும் எழும் முறையீடன்று; உயிர் காக்கும் வேண்டுகோள். விளங்காத அறிவுரை, கொடுக்கப்படாத மருந்துக்கு ஒப்பானது.

வீட்டாரும் தம் பங்கை உணர்தல் வேண்டும். நோயாளிக்கென ஒரு தனிச் சட்டியில் சுவையற்ற சோற்றை வடித்து, அவர் கண்முன்னே ஏனையோர் வறுவலும் பொரியலும் உண்பது உணவொழுக்கம் ஆகாது, அஃது ஒறுப்பு. ஒறுப்பை எவரும் நெடுநாள் பொறார். உப்பையும் எண்ணெயையும் சருக்கரையையும் வீடு முழுதும் குறைத்தால், நோயுற்றவர் தேறுவார், நோயுறாதவர் தப்புவார்.

ஆட்டையாம்பட்டியின் கைம்முறுக்கு பழிக்கத்தக்கதன்று. அதனைச் சுற்றும் விரல்களின் திறம் தமிழர்தம் கைத்தொழிற் செல்வங்களுள் ஒன்று. மணவீட்டிலும் விழாநாளிலும் அளவோடு உண்டால் அஃது இன்பம்; நாள்தோறும் வேளைதோறும் கொறித்தால் அதுவே நோய். முறுக்கு மாறவில்லை, அளவும் பொழுதும் உண்பவன் நிலையுமே மாறின. இவ்வேறுபாட்டை உணர்ந்தவனுக்கு உணவே மருந்து. உணராதவனுக்கோ மருந்தும் வெறும் தீனியே.

தமிழன் தன் நாவை இரு வகையிலும் காத்துக்கொள்ளட்டும்: அயற்சொல் புகுந்து மொழி கெடாமலும், ஒவ்வா உணவு புகுந்து உடல் கெடாமலும். உடல் கெட்டபின் மொழியைக் காக்க எவர் எஞ்சி நிற்பார்?