ஆகாயத்தில் ஓர் இழுபறி

வடக்கு வானத்தில் சப்தரிஷி மண்டலத்தின் வால் முனைக்கு அருகில், வெறுங் கண்ணுக்குத் தென்படாத ஒரு மங்கல் இருக்கின்றது. 1773-ம் வருஷத்தில் பிரான்சு தேசத்து மெஸ்ஸியே என்பவர் அதைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் கண்டார். அவரது ஜாபிதாவில் அது 51-வது. 1781-ல் மெஷேன் என்பவர் அதன் ஓரத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு சின்ன மங்கலையும் கண்டார். 1845-ல் அயர்லாந்தில் லார்டு ராஸ் 72 அங்குல விட்டமுள்ள கண்ணாடி செய்து பார்த்த பின்புதான், பெரியது நீர்ச்சுழிபோல் சுருண்டிருப்பது தெரிய வந்தது. அவ்வருஷமே அத்தேசத்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்துவிட்டதால் அவரது வான ஆராய்ச்சி தடைப்பட்டுப் போயிற்று. பட்டினி கிடக்கும் ஊரில் வேறென்ன நடக்கும்?

இன்று அவையிரண்டும் 2 கோடி ஒளி வருஷத்துக்கு மேற்பட்ட தூரத்திலுள்ள, கோடானுகோடி சூரியர்களைக் கொண்ட தனித்தனி நட்சத்திரக் கூட்டங்கள் என்பது ருஜுவாகி இருக்கின்றது.

நிற்க, பெரிய கூட்டத்தின் ஒரு கை சின்னதை எட்டிப் பிடிப்பதுபோல் நீண்டிருப்பானேன்? ஆகர்ஷண சக்தி மாத்திரம் இவ்வளவு மெல்லிய இழையை இழுத்துவிடுமா என்று வானசாஸ்திரிகளிலேயே பலர் சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்பட்டது சரியே என்போம். ஆனால் அதோடு, "இது மனித அறிவுக்கு எட்டாதது" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பவில்லை. 1972-ல் ஆலர் தூம்ரே, யூரி தூம்ரே என்னும் சகோதரர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். தட்டுப்போல் சுழலும் புள்ளிகளுக்குப் பக்கமாக இன்னொரு பாரத்தைக் கடந்துபோக விட்டார்கள். அவ்வளவுதான்; பாலமும் வாலும் தாமாகவே வந்து சேர்ந்தன. புதிதாய் ஒரு சக்தியையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

காரணம் கடற்கரையில் இருப்பவர்கள் தினம் காண்பதேயாகும். சந்திரன் பூமியின் கிட்டத்துப் புறத்தை அதிகமாகவும் எட்டத்துப் புறத்தைக் குறைவாகவும் இழுப்பதால் கடல் இருபுறமும் பொங்குகின்றது. நட்சத்திரக் கூட்டத்திலும் அதே ஏற்றத்தாழ்வுதான் கிட்டத்தில் பாலத்தையும் எதிர்ப்புறத்தில் வாலையும் இழுக்கின்றது. இதில் நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கொள்ளும் என்று பயப்படுவதற்கில்லை. அவற்றின் இடைவெளி அவ்வளவு பெரிது. வாயு மேகங்களே நெருக்குண்டு, அவற்றிலிருந்து புது நட்சத்திரங்கள் உண்டாகின்றன.

சின்னக் கூட்டம் ஒரு தடவைதான் கடந்து போயிற்று என்பது தூம்ரே சகோதரர்களின் கணக்கு. 2000-ல் வேறு இருவர், அது ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்துபோயிருப்பதே பொருத்தம் என்று எழுதினார்கள். அதற்காக யாரும் அவர்களைப் பாவிகள் என்று வையவில்லை; எதிர்க் கணக்கைத்தான் கேட்டார்கள்.