ஆண்டுப் பட்டியலும் அடிக்குறிப்பும்

ஆண்டு முடிவு நெருங்குந்தோறும் நம் இலக்கிய வட்டங்கள் ஒரு கடமையை நினைவுகூர்வது வழக்கம். அவ்வாண்டில் நிகழ்ந்த இலக்கிய விழாக்கள் யாவை, வெளிவந்த நூல்கள் யாவை என ஒரு பட்டியல் வகுத்து மலரிலோ பத்திரிகையிலோ பதிந்துவைத்தல் வேண்டும். அப்பணி பெரும்பாலும் ஊரிலுள்ள பண்டிதர் ஒருவர் தலையில் வந்து விழும். மாத்தளையில் அது பன்முறை என் தலையில் விழுந்திருக்கிறது. நானும் மறுத்ததில்லை. அழைப்பிதழ்களையெல்லாம் ஒரு கோப்பில் அடுக்கிவைத்துக்கொண்டு, நாள், இடம், தலைமை, வரவேற்புரை, ஏற்புரை என்று எழுதிக்கொண்டு போவேன். அண்மையில் அப்பழைய பட்டியல்களுள் ஒன்றை எடுத்துப் படித்தபோது எனக்கே நாணம் மேலிட்டது. யார் யாருக்குப் பொன்னாடை போர்த்தினார் என்பது அதில் ஐயந்திரிபற விளங்குகிறது. போர்த்தப்பெற்றவர் எழுதிய நூலில் என்ன இருந்தது என்பது ஓரிடத்தும் இல்லை.

இவ்வெண்ணத்தை என்னுள் கிளப்பியவள் என் வகுப்பு மாணவி ஒருத்தி. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலே தொடங்கிய ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம், ஆகஸ்ட் 12ஆம் நாள் எங்கள் மாத்தளையில் வந்து நிறைவெய்தியது. முன்னோர் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே தம்புள்ளை கடந்து கண்டிச் சீமைக்கு நடந்துவந்த பாதையை நினைவிற்கொண்டு நடந்த நடை அது. அதன் பின் ஒருநாள் அம்மாணவி எழுந்து, “சேர், தோட்டத்துக்கு வந்த நம்ம ஆளுகளப் பத்தி அந்தக் காலத்துல யாராவது பெரிய கதையா எழுதியிருக்காங்களா?” என்று கேட்டாள். (பண்டிதர் என்று அழைத்த காலம் போய்ச் சேர் என்னும் காலம் வந்துவிட்டது, அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.) கோகிலம் சுப்பையா எழுதிய ‘தூரத்துப் பச்சை’ என்றேன். வெளிவந்த ஆண்டு 1964 என்றும் சொன்னேன். அவள் அதனைக் குறித்துக்கொண்டு சற்றே நின்றாள். “அந்த வருசம் போட்ட ஒப்பந்தத்துலதான் சேர், எங்க பாட்டியோட அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போனாங்களாம்” என்றாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இலக்கிய வரலாறு கற்பித்து வருபவன் நான். அந்நாவலின் ஆண்டும் எனக்குத் தெரியும். அவ்வொப்பந்தத்தின் ஆண்டும் தெரியும். இரண்டும் ஒன்றே என்பது அன்றுவரை என் சிந்தையில் தைத்ததில்லை. ஒன்று தமிழ்ப் பாடப் புத்தகத்திலும் மற்றொன்று வரலாற்றுப் பாடப் புத்தகத்திலுமாக வெவ்வேறு அலுமாரியில் இருந்துவிட்டன.

ஆதலின் 1964ஆம் ஆண்டின் இலக்கியப் பட்டியலை இப்பொழுது எழுதப் புகுந்தால் அது எவ்வாறு அமையும் என்று எண்ணிப் பார்த்தேன். அவ்வாண்டின் தொடக்கமே தமிழுக்கு மங்கலமான தொடக்கம். ஜனவரியில் டில்லி மாநகரில் கீழைத்தேயவியலாளரின் 26ஆவது அனைத்துலகப் பேரவை கூடியபோது, ஈழத்தவரான தனிநாயக அடிகளார் முன்னின்று அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார். பிரான்ஸ் நாட்டு ஃபிலியோசாவும் செக் நாட்டுச் சுவெலபிலும் அதற்குத் தோள் கொடுத்தனர். 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் பின்னர் நடந்த மாநாடுகளுக்கெல்லாம் வித்து அங்கே ஊன்றப்பட்டதுதான். ஏப்ரல் 21ஆம் நாள் பாரதிதாசன் மறைந்தார். எந்தப் பண்டிதர் பட்டியல் எழுதியிருப்பினும் இவ்விரண்டையும் தவறவிட்டிருக்க மாட்டார்.

அதே டில்லியில், அதே ஆண்டில், அக்டோபர் 30ஆம் நாள் இன்னொரு காரியமும் முடிந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க, லால் பகதூர் சாஸ்திரி ஆகிய இரு பிரதமர்களும் இலங்கை மலைநாட்டில் வாழ்ந்த நாடற்ற தமிழரைத் தொகையிட்டுப் பிரித்துக்கொண்டனர். மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அவருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டனர். அப்பேச்சு 1974இல் நடந்து, அவர்களும் பாதிக்குப் பாதியாகப் பகுக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களை, 16 ஆண்டு கழித்து இவ்வொப்பந்தம் எண்ணாக்கியது. ஜனவரியில் உலகெங்கும் தமிழ் எங்கே இருக்கிறது என்று தேடப் புறப்பட்ட நகரிலேயே, அக்டோபரில் தமிழர் எங்கே இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

இவ்விரண்டுக்கும் உரிய ஆண்டில்தான் ‘தூரத்துப் பச்சை’ நூலாக வெளிவந்தது. தமிழகத்துச் சிற்றூரிலிருந்து ஆசை வார்த்தையை நம்பிக் கடல் கடந்து தோட்டத்துக்கு வந்த ஒரு கூலிக் குடும்பத்தின் கதை அது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ அதற்கு மூத்தது. ஆனால் புதுமைப்பித்தன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் தூரத்திலிருந்து எழுதினார். கோகிலம் சுப்பையா தோட்ட வாழ்வைக் கிட்ட இருந்து கண்டவர். நூலின் பெயரைப் பாருங்கள். தூரத்தில் உள்ள பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்னும் பழமொழியின் முற்பாதியை மட்டும் எடுத்துப் பெயராக்கியிருக்கிறார். குளிர்ச்சி என்ற பிற்பாதியை விட்டுவிட்டார். அவ்விடுபாடே கதை. ஒப்பந்தத்தின் பின்னர் அப்பச்சை திசை மாறியது. தாத்தனுக்குக் கண்டிச் சீமை தூரத்துப் பச்சையாக இருந்தது. பேரனுக்கு, அவன் கண்டறியாத தாயகம் தூரத்துப் பச்சையாகக் காட்டப்பட்டது. நூலாசிரியர் இதனை முன்னறிந்து பெயரிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்டு அப்பெயருக்கு ஓர் உரை எழுதியது என்பதே என் கருத்து.

அவ்வாண்டின் இறுதியில் இன்னொன்றும் நேர்ந்தது. டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்து, அங்கே வந்துகொண்டிருந்த ரயிலையும் பயணிகளோடு வாரிக்கொண்டது. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் வந்த துறை அது. நம் நாட்டு வாசிகசாலைகளுக்குத் தமிழகத்துச் சஞ்சிகைகளும் நூல்களும் அத்தனை காலம் அவ்வழியாக வந்துகொண்டிருந்தன. புயலுக்குப் பின்னர்த் தோணித்துறை இராமேசுவரத்துக்கு மாறியது. அவ்வழியில் நூல்கள் இங்கே வந்தன. மக்கள் அங்கே போயினர். பதுளையிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்குத் தோட்ட மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. இரண்டே சொல்லில் அமைந்த இப்பெயருக்கு ஈடாக அக்காலத்துப் பண்டிதர் எவரும் ஒரு தொடர் ஆக்கியதாக நான் படித்ததில்லை.

இங்கே என் வகுப்பாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் மரபு பற்றி ஒரு பெருவாதம் எழுந்தது. பண்டிதர் ஒருபுறமும் முற்போக்கு எழுத்தாளர் மறுபுறமுமாக நின்று பத்திரிகைகளில் வாதிட்டனர். பேச்சு வழக்கில் எழுதுவதை ‘இழிசனர் வழக்கு’ என்ற பழஞ்சொல்லால் எம்மவர் தாக்கினர். நான் பண்டிதத் தேர்வுக்குப் படித்த நாள்களிலும் அந்த வாடை முற்றும் நீங்கியிருக்கவில்லை. நாவல் என்றால் பொழுதுபோக்கு, தோட்டத்து நாவல் என்றால் அதிலும் ஒரு படி கீழ் என்ற எண்ணத்தோடுதான் நானும் தொல்காப்பியத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். தொல்காப்பியம் என்னைக் கெடுக்கவில்லை. அதனைப் படித்த நான் உலக வழக்கு என்ற சொல்லை அதிலே பார்த்தும் பாராதவனாகக் கடந்துவிட்டேன்.

‘இலக்கியப் பட்டியலில் ஒப்பந்தத்துக்கும் புயலுக்கும் என்ன வேலை? அரசியலை அரசியலார் எழுதட்டும்’ என்று கூறுவாரும் உளர். மதிப்புக்குரிய நண்பர் ஒருவரே என்னிடம் அவ்வாறு கூறினார். அவருக்கு நான் புறநானூற்றைக் காட்டினேன். அந்நூலில் பாட்டுக்குக் கீழே திணை, துறை, பாடியவர் பெயர், பாடப்பட்டோர் பெயர், பாடிய சந்தர்ப்பம் எனச் சிறு குறிப்பு உண்டு. பாரி மகளிர் பாடிய ஐந்தடிப் பாட்டு ஒன்று உள்ளது. அவர்தம் தந்தையையும் பறம்பு மலையையும் மூவேந்தர் கொண்ட செய்தியை நாம் அறியாதிருப்பின், அது நிலவைப் பற்றிய ஒரு பாட்டாகவே போய்விடும். செய்தியை அறிந்தவன் அதனைக் கண் கலங்காமல் படிக்க முடியாது. அக்குறிப்பை ஏட்டில் எழுதிவைத்தவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் அரசியலையும் எழுதினான், போரையும் எழுதினான். அவனை யாரும் புலவனல்லன் என்று தள்ளவில்லை. 1894இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்தபோது அக்குறிப்புகளையும் பாட்டோடு சேர்த்துக் காத்துத் தந்தார். நாம் ஆண்டுதோறும் எழுதும் பட்டியல் அத்தகைய அடிக்குறிப்பாக இருத்தல் வேண்டும். பொன்னாடைக் கணக்கு எந்தப் பாட்டுக்கும் அடிக்குறிப்பாகாது.

நண்பர் உடனே ஒப்பவில்லை. பட்டியல் நீண்டுவிடும் என்றார். நீளட்டும், வரவேற்புரையாளர் பெயர்களை விட்டுவிட்டால் இடம் தானே கிடைக்கும் என்றேன். நூல் எத்தனை படி அச்சாயிற்று, எந்தப் பாடசாலை நூல்நிலையத்தில் வாங்கி வைத்தனர், எத்தனை பேர் முற்றப் படித்தனர், அவ்வாண்டில் நம் மாவட்டத்துத் தோட்டங்களில் என்ன நடந்தது என்பவற்றை அவ்விடத்தில் எழுதலாம். கோட்டப் பாடசாலைகளில் உள்ள தமிழாசிரியர் ஆளுக்கு நான்கு வரி எழுதி அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். மாத்தளை எழுத்துக்குப் புதிய ஊரன்று. நகருக்கு வடக்கே சிறிது தூரத்தில் உள்ள அலுவிகாரையிலேதான் கி.மு. முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் நாட்டை வாட்டியபோது, வாய்மொழியாகவே வந்த திரிபிடகத்தைப் பிக்குகள் ஏட்டில் எழுதினர் என்பது வரலாறு. ஓதுவோர் மாண்டால் ஓதப்படுவதும் மாளும் என்ற அச்சமே அவர்களை எழுதத் தூண்டியது. எங்கள் தோட்டங்களில் 1964ஐ நினைவில் வைத்திருப்போருக்கு இன்று எழுபதைக் கடந்த வயது.

அம்மாணவிக்கு அந்நாவலை எடுத்துக் கொடுக்க விரும்பி நான் அறிந்த நூல்நிலையங்களில் தேடினேன். பின்னாளில் அது ஆங்கிலத்திலும் ‘மிராஜ்’ என்ற பெயரில் வந்தது. என் கைக்கு எட்டிய தூரத்தில் இரண்டு மொழியிலும் ஒரு படி கிடைக்கவில்லை. ஈற்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அட்டை கிழிந்த பழம் படி ஒன்று இருந்தது. அதனை நிழற்பிரதி எடுத்துக் கட்டிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் திருப்பித் தந்தாள். உள்ளே ஒரு பழைய வான் அஞ்சற் கடிதம் இருந்தது. நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்திலிருந்து பாட்டியின் தமக்கை எழுதியது. மறந்து வைத்துவிட்டாளோ என்று கேட்டேன்.

“இல்ல சேர், பாட்டிதான் குடுத்து விட்டாங்க. புத்தகத்தோட சேத்து வையிங்கன்னாங்க.”

வைத்திருக்கிறேன். இந்த ஆண்டுப் பட்டியலை எழுத வட்டத்தார் மீண்டும் என்னைக் கேட்டிருக்கின்றனர். அழைப்பிதழ்க் கோப்பை இம்முறை நான் இன்னும் திறக்கவில்லை.