நியமிக்க செனட் ஓகே சொல்லணும்... நீக்க அதிபர் மட்டும் போதுமா? அமெரிக்கா 1789-ல் விட்ட ஓட்டை!

வேலைக்குச் சேர நாலு ரவுண்டு இன்டர்வியூ, சான்றிதழ் சரிபார்ப்பு, பழைய கம்பெனியில் விசாரிப்பு... இத்தனையும் நடக்கும். ஆனால், வெளியே அனுப்ப ஒரே ஒரு மெயில் போதும். அமெரிக்கா என்ற நாடு உருவான புதிதில் அரசுப் பதவிகளுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம், ஒருவரைப் பதவியில் அமர்த்துவது எப்படி என்று தெளிவாகச் சொல்கிறது. தூதர்கள், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், முக்கிய அதிகாரிகள் ஆகியோரின் பெயரை அதிபர் முன்மொழிய வேண்டும். செனட் சம்மதித்தால்தான் பதவி. சரி, அந்த அதிகாரியை வீட்டுக்கு அனுப்புவது யார்? இம்பீச்மென்ட் எனும் கண்டன விசாரணையைத் தவிர, இதற்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்த நூறு வருடச் சிக்கலுக்கு விதை இங்கேதான் விழுந்தது.

முதல் அதிபருக்கே 'நோ' சொன்ன செனட்

நியமனத்துக்கான தடுப்பு, முதல் வருடமே வேலை செய்தது. 1789 ஆகஸ்ட்டில் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன், துறைமுகச் சுங்கப் பதவிகளுக்கு சுமார் நூறு பெயர்களை செனட்டுக்கு அனுப்பினார். அன்றைக்கு மத்திய அரசின் வருமானத்தில் பெரும்பகுதி இறக்குமதி வரிதான். அதனால், இவை சாதாரண கிளார்க் வேலைகள் இல்லை. கஜானாவின் சாவியே இவர்கள் கையில்.

அந்தப் பட்டியலில் ஒரே ஒருவரை செனட் நிராகரித்தது. ஜார்ஜியா மாநிலத்தின் சவானா துறைமுகத்துக்கு முன்மொழியப்பட்ட பெஞ்சமின் ஃபிஷ்போர்ன். விடுதலைப் போரில் அதிகாரியாக இருந்தவர், அதே துறைமுகத்தில் ஏற்கெனவே இதுபோன்ற பொறுப்பில் இருந்தவர். ஆனால், அவருடைய மாநில செனட்டருக்கு அவரைப் பிடிக்கவில்லை.

வாஷிங்டன் வேறு பெயரை அனுப்பினார். கூடவே ஒரு கடிதமும் போனது. ஃபிஷ்போர்னை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று காரணங்களை அடுக்கியவர், இனி ஒரு பெயரில் சந்தேகம் வந்தால் நிராகரிக்கும் முன் தன்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றார். முடிவெடுப்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்பதுதான் அதிபரின் எதிர்பார்ப்பு. நியாயம்தான். ஆனால், அதே கேள்வியை அதிபரைப் பார்த்து யாரும் கேட்கவில்லை.

நீக்கும் அதிகாரம் யாருக்கு?

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், அதிகாரியை நீக்குவது யார் என்று நாடாளுமன்றத்தில் காரசாரமாக விவாதம் நடந்திருந்தது. நியமிக்க செனட் சம்மதம் வேண்டுமென்றால், நீக்கவும் அது வேண்டும் என்றது ஒரு தரப்பு. அலெக்ஸாண்டர் ஹாமில்டனும் 1788-ல் அரசியலமைப்பை ஆதரித்து எழுதியபோது இதையே சொல்லியிருந்தார்.

ஜேம்ஸ் மேடிசன் மறுத்தார். தன் கீழ் இருக்கும் அதிகாரியை நீக்க முடியாத அதிபர், அந்த அதிகாரியின் தவறுக்கு எப்படிப் பொறுப்பேற்பார் என்பது அவர் வாதம். சரி, அதிபர் நல்ல அதிகாரியை வேண்டுமென்றே நீக்கினால்? அதற்காக அவரையே கண்டன விசாரணைக்கு உட்படுத்தலாம் என்றார் மேடிசன்.

செனட்டில் வாக்குகள் சமமாகப் பிரிய, துணை அதிபர் ஜான் ஆடம்ஸின் ஒற்றை ஓட்டில் மேடிசன் தரப்பு ஜெயித்தது. நீக்கும் அதிகாரம் அதிபருக்கே என்று ஆனது.

மேடிசன் சொன்னதில் பாதி சரி. திருடுகிற அதிகாரியை வெளியே அனுப்ப அதிபர் பல மாதங்கள் காத்திருக்க முடியாது. ஆனால், மீதிப் பாதி வெறும் நம்பிக்கை. ஒரு சுங்க அதிகாரியை நீக்கியதற்காக எந்த நாடாளுமன்றம் அதிபரை விசாரிக்கப் போகிறது?

77 வயதில் சுங்க அதிகாரி

இந்த ஓட்டையின் அளவு 1801-ல் தெரிந்தது. தேர்தலில் தோற்ற ஜான் ஆடம்ஸ், பதவி முடியும் கடைசி வாரங்களில் தன் கட்சிக்காரர்களைக் காலியிடங்களில் நிரப்பிவிட்டுப் போனார். அடுத்து வந்த தாமஸ் ஜெஃபர்சனால் நீதிபதிகளை நேரடியாக நீக்க முடியவில்லை. அவர்களுக்கு ஆயுள்காலப் பதவி. அதனால், 1802-ல் அந்தப் புதிய நீதிமன்றங்களையே அவருடைய கட்சி கலைத்தது.

ஆனால், சுங்க அதிகாரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நியூ ஹேவன் துறைமுகத்தில் ஆடம்ஸ் நியமித்த எலிஸர் குட்ரிச் நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு வந்த சாமுவேல் பிஷப்புக்கு வயது 77. அவருடைய மகன் ஏப்ரஹாம், ஜெஃபர்சனுக்காகத் தீவிரமாகப் பிரசாரம் செய்தவர். ஊர் வணிகர்கள் கொதித்துப்போய் மனு அனுப்பினார்கள். அதற்கு ஜெஃபர்சன் எழுதிய பதிலின் சாரம் இதுதான்: பதவிகள் எல்லாம் எதிர்க்கட்சி கையில் இருக்கின்றன, யாரும் தானாக ராஜினாமா செய்வதில்லை, நீக்காமல் எப்படி எங்களுக்கு இடம் கிடைக்கும்?

'புதிதாக வருபவருக்கு செனட் சம்மதம் வேண்டுமே, அது போதாதா' என்று கேட்கலாம். போதாது. செனட் கூடாத மாதங்களில் அதிபர் தற்காலிகமாக ஆளைப் போடலாம். பிஷப் அப்படித்தான் வந்தார். செனட் மறுபடி கூடும்போது பழைய ஆள் வெளியே போய் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். 1803-ல் சாமுவேல் இறந்ததும் அந்தப் பதவி யாருக்குப் போனது தெரியுமா? மகன் ஏப்ரஹாமுக்கே!

கணக்குப் பார்க்க வந்த சட்டம்

1820-ல் வந்த ஒரு சட்டம், சுங்க அதிகாரிகள் உள்ளிட்ட பலரின் பதவிக்காலத்தை நான்கு ஆண்டுகளாக்கியது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை கணக்கைச் சரிபார்க்கலாமே என்பது நோக்கம். இனி நீக்கக்கூட வேண்டாம், காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டாலே போதும் என்பதுதான் நடைமுறையில் விளைவு. ஓய்வில் இருந்த ஜெஃபர்சனும் மேடிசனுமே இதைக் கண்டித்தார்கள்.

ஜான் குவின்ஸி ஆடம்ஸ் இந்த வசதியைப் பயன்படுத்த மறுத்தார். புகார் இல்லாதவர்களுக்கு மீண்டும் பதவி கொடுத்தார். தனக்கு எதிராக வேலை செய்வதாகச் சொல்லப்பட்ட அஞ்சல் துறைத் தலைவர் ஜான் மெக்லீனைக்கூட நீக்கவில்லை. 1828-ல் ஆடம்ஸ் தோற்றார். ஜெயித்த ஆண்ட்ரூ ஜாக்சன், மெக்லீனை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கினார்.

ஜாக்சன், அரசு வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, அறிவுள்ள யாரும் செய்யலாம் என்றார். கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. அவர் எல்லோரையும் நீக்கவும் இல்லை, பெரும்பாலானோர் நீடித்தார்கள். ஆனா, யார் போவார், யார் இருப்பார் என்பதற்கு எழுதப்பட்ட காரணம் ஏதும் தேவைப்படவில்லை. நியூயார்க் துறைமுகத்தின் சுங்கத் தலைமைப் பதவி, ஜாக்சனின் ஆதரவாளர் சாமுவேல் ஸ்வார்ட்வவுட்டுக்குப் போனது. வேண்டாம் என்று எச்சரித்தவர் ஜாக்சனின் நெருங்கிய கூட்டாளி மார்ட்டின் வான் பியூரன். 1838-ல் ஸ்வார்ட்வவுட் ஐரோப்பாவுக்குப் போய்விட, கணக்கில் பத்து லட்சம் டாலருக்கு மேல் துண்டு விழுந்தது தெரியவந்தது. நஷ்டம் குட்ரிச் போன்றவர்களுக்கு மட்டும் இல்லை. வரி கட்டிய மக்களுக்கும்தான்.

அப்போ செனட்டிடமே கொடுத்திருக்கலாமா?

அதையும் செய்து பார்த்தார்கள். செனட் சம்மதம் இல்லாமல் நீக்கக் கூடாது என்று 1867-ல் சட்டம் வந்தது. அதை மீறியதாக 1868-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீது கண்டன விசாரணை நடந்து, ஒற்றை ஓட்டில் அவர் தப்பினார். பிடிக்காத அதிபரைக் கட்டிப்போட செனட்டுக்கு ஒரு கயிறு கிடைத்தது, அவ்ளோதான். 1887-ல் அந்தச் சட்டமே ரத்தானது.

ஆக, யார் நீக்குவது என்பதைவிட, ஏன் நீக்குகிறார் என்பதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 1881-ல் தூதரகப் பதவி கிடைக்காத ஒருவர் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்ட பிறகுதான், 1883-ல் தேர்வு மூலம் வேலை என்ற சட்டம் வந்தது. நீக்குவதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற சட்டம் 1912-ல் வந்தது. அதுவும் சாதாரண ஊழியர்களுக்கு மட்டும். செனட் சம்மதத்துடன் வந்த ஓர் அஞ்சல் அதிகாரியை அதிபர் தனியாக நீக்கியது சரியே என்று 1926-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அது முக்கியமாகச் சுட்டிக்காட்டியது 1789 விவாதத்தைத்தான்.

இன்றைக்கும் அமெரிக்க அதிபர் ஒரு உயர் அதிகாரியை நீக்கினால், நீதிமன்றத்தில் இரு தரப்பும் அதே பழைய விவாதத்தைத்தான் புரட்டுகின்றன. நீக்கும் அதிகாரம் அதிபரிடமே இருக்கட்டும். ஆனால், காரணத்தை எழுதி, பொதுவில் வைத்துவிட்டு நீக்கட்டும். செனட்டிடம் வாஷிங்டன் கேட்டதும் அந்தக் காரணத்தைத்தானே?