தறிக்கும் தோட்டத்துக்கும் பகை மூட்டுவது யார்?



ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவூராம் தேசூரில், ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "சீனப் பட்டு மலிவாக வந்தால் நல்லதா?" என்று கேட்டுப் பாருங்கள். "மலிவென்றால் நல்லதுதானே!" என்பார் நெசவாளர். அதே கேள்வியைத் தருமபுரியில், ஓர் ஏக்கரில் மல்பெரி வளர்த்துப் பட்டுப்புழு பேணும் உழவரிடம் கேளுங்கள்; முகம் கறுத்துவிடும். ஒருவர் வயிற்றில் பால் வார்ப்பது மற்றவர் வயிற்றில் நெருப்பைக் கொட்டுவானேன்? இருவரும் ஏழைகள்; இருவரையும் இணைப்பதோ ஒரே இழை!

2001 ஏப்ரல் முதல் நாளோடு இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் அகன்றன. சீனப் பட்டின் மலிவுக்கு ஈடுகொடுக்க இயலாமல், 2003இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட நேர்ந்தது. பிறகு, 2011 வரவு செலவுத் திட்டத்தில், கச்சாப் பட்டின் சுங்கவரி 30 விழுக்காட்டிலிருந்து ஒரே வெட்டில் 5 ஆயிற்று. அவ்வாண்டே கருநாடகத்து ராமநகரத்தில் கூட்டு விலை சரிந்து, உழவர்கள் வீதிக்கு வந்தனர். 2013இல் 15, இடையில் 10, 2021இல் மீண்டும் 15! ஊஞ்சலாடுவோர் தில்லியில், தலை சுற்றுவதோ தோட்டக்காரருக்கு!

மல்பெரி, நம் பெரியோர் சொல்லில் முசுக்கொட்டை, ஒருமுறை நட்டால் 15 ஆண்டுகள் வரை தழை தரும். நெல் விதைத்தவர் அடுத்த பட்டத்தில் கடலைக்கு மாறலாம். இவர் எங்கே மாறுவார்? நடவுக்கு மானியம், புழு வளர்ப்பு மனைக்கு மானியம், தளவாடத்துக்கு மானியம், எல்லாம் சர்க்கார் தருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மனைமீது உழவரின் சொந்தக் கடனும் அல்லவா ஏறி நிற்கிறது! புழு கூடு கட்டிய சில நாட்களில் அந்துப்பூச்சி அதைத் துளைத்து வெளிவரும்; துளைபட்ட கூடு நூலெடுக்க உதவாது. ஆகவே விலை ஏறட்டுமென்று காத்திருக்க வழியில்லை. அன்றைய சந்தை சொன்னதே விலை. கொப்பரைக்கு மத்திய சர்க்காரின் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. பட்டுக்கூட்டுக்கு? இல்லை! நடும்போது கைகொடுத்து, விற்கும்போது கைவிடுவதுதான் மானியமா?

போகட்டும், நெசவாளராவது வாழ்ந்தாரா? கூலிக்கு நெய்பவருக்குப் பாவும் ஊடையும் சரிகையும் தருபவர் முதலாளி. இவருக்குச் சேலைக்கு இவ்வளவென்று கூலி. கோரா விலை கிலோவுக்கு ஆயிரம் ரூபாய் இறங்கினாலும் அந்தக் கூலி ஏறுவதில்லை. விலை ஏறினாலோ, "விற்பனை மந்தம், பாவு இல்லை" என்று தறி நிற்கிறது. மலிவின் பயன் மேலே தங்கிவிடுகிறது. ஏற்றத்தின் சுமை மட்டும் கீழே இறங்குகிறது. சொந்தமாகக் கோரா வாங்கி நெய்வோர்க்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மலிவு உதவும் என்பதை மறைக்கத் தேவையில்லை. அவர்களுக்கு உதவ உழவரைப் பலியிட வேண்டுமா? 2021-22 முதல் வகுக்கப்பட்ட மூலப்பொருள் வழங்கல் திட்டம், கைத்தறியாளர் வாங்கும் உள்நாட்டுப் பட்டு நூலுக்கு 15 விழுக்காடு விலைச் சலுகை அளித்தது. ஆனால் அளவு வரம்போடு! அவ்வரம்பை உயர்த்தட்டும். கூட்டுக்கு அடிவிலை அறிவிக்கட்டும். சுங்கவரியை ஐந்தாண்டுகளாவது அசைக்காமல் வைக்கட்டும்.

தேசூரில் பேசப்போகும் தோழர்கள், சீனத்தை வசைபாடி நேரத்தைப் போக்க வேண்டாம். "2011இல் வரி 5 ஆனபோது உங்கள் கூலி எவ்வளவு ஏறியது?" என்று நெசவாளரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.